குள்ளர் இனத்தைக் கற்பனை செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறோம். பெரும்பாலும் ஃபேண்டஸி கதைகள்தான். போன மாதம் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, மலைக்கு அடியில் வாழும் குள்ளர்களின் வரலாறு என்று நாற்பது பக்கம் கொண்டுவந்தான். பன்னிரண்டு அரசர்கள், ஏழு போர்கள், ஒரு வீழ்ச்சி. எல்லாருக்கும் இடுப்பு வரை தாடி, கையில் கோடாலி, குடிக்க பீர். அவன் வாசித்து முடித்ததும் நான் ஒன்றுதான் கேட்டேன்: "இவிய காலத்த என்னத்த திம்பாவ மக்கா?"

காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்பதற்கு அவனிடம் பதில் இல்லை. அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்த இனத்தைப் பற்றி எழுத உட்காருகிற பலரும் அரசர் பட்டியலைத்தான் முதலில் போடுகிறார்கள். வேலை, சோறு, சொத்து, சாவு எல்லாம் அப்புறம் ஒட்டவைக்கப்படுகின்றன. தவறுகளில் பாதி இந்த வரிசையிலிருந்து வருகிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'குள்ளன்' என்பது பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அழவைத்த சொல். சங்கப் பாட்டு ஒன்றிலேயே கூனியும் குறளனும் ஒருவர் உருவத்தை ஒருவர் ஏளனம் செய்கிறார்கள். அவ்வளவு பழைய பழக்கம் இது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், வளர்ந்தவரின் உயரம் 147 சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோ என்றால் அது தனி வகையாகப் பட்டியலில் இருக்கிறது. அந்த உயரமுள்ள மனிதர்கள் உங்கள் கதையையும் வாசிப்பார்கள். உயரம் குறைவு என்பதையே சிரிப்புக்கு வைத்தால், அவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தங்கள் ஊரில் அவர்கள் குள்ளமே இல்லை. வாசல், படி, திண்ணை எல்லாம் அவர்கள் அளவுக்குக் கட்டியவை. வெளியிலிருந்து வருகிறவன்தான் நிலையில் தலையை இடித்துக்கொள்வான். அப்படி இருக்க, தங்களைத் தாங்களே எதற்குக் 'குள்ளர்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும்? வெளியார் வைத்த பெயர் ஒன்று, அவர்களே சொல்லும் பெயர் ஒன்று என்று இரண்டு வேண்டும். என் கதையில் வெளியார் அவர்களைக் குறளர் என்கிறார்கள். அவர்கள் தங்களைச் செவியர் என்கிறார்கள். ஏன் செவியர் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்த தவறு, நகலின் நகலை எடுப்பது. தாடியும் கோடாலியும் பீரும் யாரோ எழுதியதைப் பார்த்து யாரோ எழுதியதைப் பார்த்து நம்மிடம் வந்தவை. மூலத்துக்குப் போனால் வேறு மாதிரி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்ட வடபுலத்துப் பழங்கதைகளில் இவர்கள் பாறைக்குள் வாழும் கொல்லர்கள். தேவர்களுக்கு ஆயுதமும் நகையும் செய்து கொடுக்கிறார்கள். வானத்தின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் தாங்கி நிற்கிறார்கள். ஒருவன் விடியும் வரை பேச்சில் மயங்கியிருந்து, வெயில் பட்டுக் கல்லாகிறான். அந்தக் கதைகளில் உயரக்குறைவு பெரிய விஷயமாகவே இல்லை. அப்புறம் ஜெர்மன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள். வெள்ளி கிடைக்கும் என்று உருக்கிய தாதுவில் விஷப்புகைதான் வந்தது என்றால், கோபோல்ட் என்னும் குட்டிப் பிசாசு ஏமாற்றிவிட்டது என்பார்கள். கோபால்ட் என்ற உலோகத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. நிக்கலுக்கும் அப்படி ஒரு பிசாசுக் கதை உண்டு. ஏமாந்தவனின் கோபம் ஒரு தனிமத்தின் பெயராகவே நின்றுவிட்டது. உங்கள் உலகத்துச் சொற்களும் இப்படி வேலையிலிருந்து பிறக்க வேண்டும். வாயில் நுழையாத மெய்யெழுத்துகளைக் குவித்துப் பெயர் வைத்துவிட்டால் மொழி ஆகிவிடாது.

சரி, செவியருக்கு வருகிறேன். சுசீந்திரம் தாண்டி மயிலாடிக்குப் போனால் தெருவோரமெல்லாம் கல் சிற்பப் பட்டறைகள். இப்போது மெஷின் கட்டர் இரைகிறது, கல் தூசி வாழையிலையில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய் எல்லாச் சத்தமும் நின்றபோது, வயதான சிற்பி ஒருவர் புதிதாக வந்திறங்கிய கருங்கல்லைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே அதைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் தட்டினால் வெண்கலம் மாதிரிக் கணீரென்று வந்தது. இரண்டு சாண் தள்ளித் தட்டியபோது ஒலி அமுங்கிவிட்டது. கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. "உள்ள கீறல் கிடக்கு" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். சிற்ப மரபில் ஒலியை வைத்துத்தான் ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பார்கள். சுசீந்திரம் கோயிலில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களைத் தட்டினால் தூணுக்கு ஒரு ஸ்வரம் வருகிறது.

ஒரு முழு இனமும் பாறைக்குள், அரை இருட்டில், இந்தக் காதோடு வாழ்ந்தால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வருகிறவன் கதவைத் தட்டும் முறையிலேயே எந்தக் குடும்பம் என்று தெரியும். பொய்க்கு 'செத்த ஒலி' என்று பெயர் இருக்கும். ஒப்பந்தம் எழுத மாட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரு கல்லைத் தட்டி, அந்த ஒலி அடங்குவதற்குள் சொன்னதுதான் வாக்கு. காது மந்தமான முதியவர் அவர்களிடையே என்ன ஆவார்? அவருக்கு வேலை போகுமா, இல்லை உள்ளங்கையை வைத்துப் பாறையின் அதிர்வைக் கேட்கத் தனியாகக் கற்றுத் தருவார்களா? ஒரு தொழிலின் ஒற்றைத் திறமையிலிருந்து சட்டமும் வசவும் உறவும் எல்லாம் கிளைக்கின்றன. தாடியிலிருந்து இதில் ஒன்றாவது கிளைக்குமா?

காற்று, தண்ணீர், வெப்பம் இவற்றை மறப்பது சின்னத் தவறு, ஆனால் எங்கும் இருக்கிறது. ஆழத்தில் குளிரும் என்று பலர் எழுதுகிறார்கள். கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கினார்கள். இறங்கியவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். அந்த ஆழத்தில் பாறையே சுடும். இரும்பை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும். ஆகவே உங்கள் மலைமேல் காடு யாருடையது என்பதை முடிவு செய்யாமல் கொல்லன் பட்டறையைத் திறக்காதீர்கள்.

இப்போது வரலாறு. 'ஆதியில் பொற்காலம், பிறகு பேராசை, பிறகு வீழ்ச்சி' என்ற ஒற்றைக் கோட்டை எல்லாரும் போடுகிறார்கள். புதையல் எப்போதும் புதையலாகவே இருந்தது என்று அதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையைப் பாருங்கள். அந்தக் கறுப்பு மணலில் எத்தனை தலைமுறை வலை உலர்த்தியிருக்கும்! 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். அன்று ஐரோப்பாவில் வாயு விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே, அதே மேன்டில்தான். எங்கோ தூரத்தில் ஒரு விளக்கு எரிய வேண்டியிருந்ததால் நம் கரையின் மணலுக்கு விலை வந்தது. உங்கள் குறளர்களும் முந்நூறு ஆண்டுகளாகக் கழிவென்று ஆற்றில் கொட்டிய ஏதோ ஒன்றுக்கு வெளியுலகம் ஒரு நாள் விலை வைக்கட்டும். அன்று ஆற்றோரம் குடியிருந்த ஏழைகள்தான் பணக்காரர்கள். அங்கிருந்து தொடங்கும் வரலாற்றை எழுத எனக்கே ஆசையாக இருக்கிறது.

ஆயுளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். முந்நூறு வயது, நானூறு வயது என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, சமூகத்தை மட்டும் அறுபது வயதுக்காரர்கள் ஊர் மாதிரியே எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மனிதர்களுக்கு முந்நூறு வயது என்றால், 1741இல் குளச்சல் போரைப் பதினைந்து வயதில் பார்த்தவர் இன்றும் நம் தெருவில் இருப்பார். டச்சுத் தளபதி டி லனாய் கைதியாகி, பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பயிற்றுவித்ததை நேரில் பார்த்திருப்பார். 1859இல், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைப் பிரச்சினையில் அரசாணை வந்தபோது அவருக்கு நூற்று முப்பதைத் தாண்டியிருக்கும். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததையும் பார்த்திருப்பார். சரி, அவர் மட்டுமா இருப்பார்? தோள்சீலையைக் கிழித்தவனும் இருப்பான். கிழிக்கப்பட்டவளும் இருப்பாள். இரண்டு பேரும் ஒரே சந்தைக்கு வருவார்கள். அந்த ஊரில் பழையதெல்லாம் புராணம் ஆக முடியாது, எல்லாம் சாட்சியமாகவே நிற்கும். மன்னிப்பு என்ற சொல்லுக்கு அங்கே என்ன எடை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொரு பக்கம், பதவியில் இருப்பவர் இருநூறு ஆண்டு இறங்க மாட்டார். எண்பது வயது இளைஞனுக்கு இடமே இல்லை. அவன் உளியைத் தூக்கிக்கொண்டு வேறு மலை தேடிப் போவான். புதிய ஊர்கள் பிறக்க அது ஒன்றே போதும். அரக்கன் வந்து துரத்த வேண்டியதில்லை.

சொத்து யாருக்கு என்று கேட்பதும் அப்படித்தான். எல்லாரும் 'தந்தைக்குப் பின் மகன்' என்று கை பழகிய மாதிரி எழுதுகிறார்கள். நாஞ்சில் நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பல குடும்பங்களில் மருமக்கள்வழிதான். சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். திருவிதாங்கூர் அரியணையும் அப்படியே. 1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது, முந்தைய மன்னரின் மகன்கள் உரிமை கேட்டு எதிர்த்தார்கள். பெற்ற மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டு, சுரங்கத்தை மட்டும் மருமகனுக்கு விட்டுப் போகிற தகப்பனின் மனநிலையை யோசியுங்கள். வம்சம் தாயின் வழியாக ஓடும்போது பெண்களை ஓரத்தில் தள்ளிவைக்கவும் முடியாது. தாடி வைத்த பெண்கள் என்ற சலித்துப்போன வேடிக்கைக்கும் தேவை இருக்காது.

ஒரே மலை, ஒரே பேச்சு என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். நம் மாவட்டம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். விளவங்கோட்டுக்காரர் பேசுவதும் தோவாளைக்காரர் பேசுவதும் ஒன்றா? நாம் அக்கானி என்பதைத் திருநெல்வேலியில் பதனி என்பார்கள். சாப்பாட்டுக்கும் இப்படி வரலாறு உண்டு. மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, நமக்கு ஆதியிலிருந்தே உள்ளது போலத் தோன்றும். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்ப முயற்சி எடுத்தார்.

கடைசியாகச் சாவு. அரசர்களுக்குக் கல்லறை வைக்கிறவர்கள், சுரங்கம் இடிந்து செத்தவர்களை மறந்துவிடுகிறார்கள். நம் ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு யாரைப் பாடுகிறது? அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களை. அவர்கள்தான் தெய்வமாகி நிற்கிறார்கள். அரசன் அந்தப் பாட்டுகளில் பல நேரம் குற்றவாளியாகவே வருகிறான். உங்கள் இனத்தின் வரலாற்றை அரண்மனைக் கணக்குப்பிள்ளை ஒரு விதமாகவும், இடிந்த சுரங்கத்தின் வாயிலில் வருடம் ஒருமுறை பாடுகிறவள் வேறு விதமாகவும் சொல்லட்டும். இரண்டும் பொருந்தாத இடத்தை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டாம்.

அந்தத் தம்பி இந்த மாதமும் வந்தான். கையில் மூன்று பக்கம்தான். அரசர் யாரும் இல்லை. சமவெளிக்காரர்கள் வெட்டி உலர்த்திய மரச்சீனியை மூட்டை மூட்டையாக மலையடிக்குக் கொண்டுவருகிறார்கள், வழியில் மழை. மருமக்களோடு நின்று விலை பேசுகிற ஒருத்தி எந்த மூட்டையையும் அவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்கிறாள். காய்ந்தது சலசலக்கிறது. ஏழாவது மூட்டையில் கை நின்றுவிடுகிறது.