கசிந்த சோர்ஸ் கோட்: எங்கட பொடியன்கள் செய்யக்கூடாதவை

ஏதாவதொரு கேமின் சோர்ஸ் கோட் கசிந்தது என்று செய்தி வந்தால் போதும், வவுனியா, கிளிநொச்சிப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் "புது ஜிடிஏ வந்திட்டுது, லிங்க் கிடக்கு" என்று ஓடத் தொடங்கிவிடும். தயவுசெய்து அந்த லிங்கைத் தொடாதீர்கள். சோர்ஸ் கோட் என்பது புரோகிராமர்கள் எழுதிய வரிகள்தான். உருவங்கள், ஒலி, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக் கட்டும் கருவிகள் இல்லாமல் அதை விளையாட முடியாது. 2022 செப்டம்பரில் ஜிடிஏ 6 கசிந்தபோது வெளியில் வந்தவையும் முக்கியமாக 90 அளவிலான வீடியோக்களே. ஆகவே 'செட்அப்' என்று வருகிற ஃபைல், அதுவும் அன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்கிற ஃபைல், பெரும்பாலும் உங்கள் பாஸ்வேர்டுக்கு வலை வீசுவது. வீட்டில் இருப்பதே ஒரு லப்டொப், அக்காவின் அசைன்மென்டும் அதில்தான் கிடக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

அந்த வீடியோக்களைப் பார்த்து "கிராபிக்ஸ் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்வதும் பிழை. அவை பாதி வேலையில் எடுத்தவை.

ஹாஃப் லைஃப் 2 என்ற கேம் ஒரு வருடம் பிந்தியதற்குக் கசிவுதான் காரணம் என்று பலர் கதைக்கிறார்கள். ஆனால் அதைச் செய்த வால்வ் கம்பனி வெளியிடுவதாகச் சொன்ன 2003 செப்டம்பர் 30 தவறிய பிறகுதான் கோட் கசிந்தது. கேம் 2004 நவம்பரில் வந்தது. அதற்காக, பெரிய கம்பனிக்கு என்ன நட்டம் என்று கேட்காதீர்கள். 2023இல் இன்சோம்னியாக் என்ற கேம் கம்பனி கப்பம் கொடுக்காததால் ஹக்கர்கள் அதன் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட ஃபைல்களை வெளியில் விட்டார்கள், வரவிருந்த வுல்வரின் கேமோடு ஊழியர்களின் பாஸ்போர்ட் பிரதிகளும் சேர்ந்தே போயின. அடிபட்டது அங்கே சம்பளத்துக்கு வேலை செய்த சனம்.

எனக்குக் கூடக் கவலை கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற, கேம் செய்ய ஆசைப்படுகிற பிள்ளைகளைப் பற்றித்தான். "படிக்கத்தானே எடுக்கிறேன்" என்று கசிந்த கோடை இறக்கி, அதில் ஒரு துண்டை வெட்டித் தன் புராஜெக்டில் ஒட்டி, எல்லாரும் கோட் போட்டுக் காட்டுகிற கிட்ஹப் தளத்திலும் போட்டுவிட்டால், நாளைக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம், திருடிய தரவு என்று தெரிந்தே அதை வாங்கி வைத்திருப்பதையும் குற்றம் என்கிறது. படிக்க வேண்டுமென்றால் டூம் என்ற கேமின் கோடை 1997இலும் குவேக் 3 கேமின் கோடை 2005இலும் செய்தவர்களே திறந்துவிட்டார்கள், கேம் செய்ய உதவும் கொடோ எஞ்சின் முழுவதும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. அதில் ஒரு பாத்திரம் எப்படிக் குதிக்கிறது என்ற பகுதியை எடுத்து, ஒரு எண்ணை மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே அந்த ஃபைலைத் திறந்துவிட்டீர்களா? சரி, முதலில் டேட்டாவை நிறுத்துங்கள், பிறகு வேறொரு ஃபோனிலிருந்து ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.