சுரங்கத்தை மூடும்போது நடக்கும் தவறுகள்

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்க வேலை நின்றது. ஆனால் ஊருக்குள் இருக்கும் ‘சயனைடு மலைகள்’ அப்படியே நிற்கின்றன. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய தூள் அது. 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். நூற்றிருபது ஆண்டுகளில் அங்கே கிடைத்த தங்கமோ சுமார் 800 டன்தான். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் வந்து படிகிறது. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதல் தவறு, மூடுவதைப் பற்றிக் கடைசியில் யோசிப்பது. சுரங்க மூடல் திட்டம் கட்டாயம் என்று இந்திய விதிகளில் சேர்த்ததே 2003-இல்தான். கோலார் மூடி இரண்டு ஆண்டுகள் கழித்து. தாது மெலிந்து வருமானம் வற்றும் நேரத்தில்தான் மூடும் செலவு வந்து நிற்கும். அப்போது யாரிடம் வசூலிப்பது? அதனால்தான் தொடக்கத்திலேயே உத்தரவாதத் தொகை வாங்குகிறார்கள். அதையும் ஹெக்டேர் கணக்கில் நிர்ணயிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சுண்ணாம்புக்கல் குழி ஒரு ஹெக்டேரும் சயனைடு தூள் ஒரு ஹெக்டேரும் ஒன்றாகுமா?

அடுத்தது, பயன்பாட்டில் இல்லாத கழிவு அணையால், அதாவது தாதைப் பிரித்த பின் மிஞ்சும் சேற்றைத் தேக்கிவைக்கும் அணையால், ஆபத்தில்லை என்று நம்புவது. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25-ஆம் தேதி உடைந்த இரும்புத் தாதுக் கழிவு அணையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கழிவு கொட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கொட்டிய கழிவின் மேலேயே அடுத்த கரையை எழுப்பிக் கட்டிய அணை அது. செலவு குறைவு என்பதுதான் அந்த முறையின் கவர்ச்சி. உள்ளே நீர் ஊறிக்கொண்டே இருந்தால், கெட்டியாகத் தெரியும் கழிவு ஒரு நொடியில் குழம்பாகிவிடும். அணைக்கு நேர் கீழே அலுவலகமும் உணவகமும் இருந்தன. உடைந்தது மதிய உணவு வேளையில். சுமார் 270 பேர் இறந்தார்கள். அணை உறுதியாக இருக்கிறது என்று அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். சான்றளிப்பவருக்குச் சுரங்க நிறுவனமே பணம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கும்வரை அந்தத் தாளை மட்டும் நம்பக் கூடாது. அணைக்குள் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளக்க வேண்டும், கீழே ஆள் இருக்கக் கூடாது.

மேல்மண் விஷயம் சின்னதாகத் தெரியும். தோண்டும்போது முதலில் வரும் அந்த ஓரடி மண்ணைக் கற்குவியலோடு கலந்து கொட்டிவிடுகிறார்கள். தனியாக வைத்தாலும், உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் போட்டால் அடிப்பகுதிக்குக் காற்று போகாமல் நுண்ணுயிர்களும் விதைகளும் செத்துவிடும். பிறகு அதைப் பரப்பி மரக்கன்று நட்டு என்ன பயன்? தாழ்வாகக் குவித்து, மேலே புல் வளர்த்து, வேலை முடிந்த பகுதியில் உடனுக்குடன் பரப்பிவிடுவதே முறை.

கந்தகம் கலந்த பாறையைச் சோதிக்காமல் வெளியே கொட்டுவதும் கூடாது. காற்றும் மழையும் பட்டால் அது அமிலத்தைக் கசியவிடும். அமிலம் உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். அமெரிக்காவின் கொலராடோவில், எப்போதோ கைவிட்ட கோல்ட் கிங் சுரங்கத்தைச் சீர்செய்யப் போனபோது 2015 ஆகஸ்டில் உள்ளே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு வந்தது. அனிமாஸ் ஆறு ஆரஞ்சு நிறமானது.

கழிவிலிருந்து மறுபடி உலோகம் எடுப்பது இப்போது சூடான பேச்சு. கோலார் கழிவுக் குவியல்களில் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் இசைவு தந்தது. நல்லதுதான். ஆனால் தங்கம் எடுத்தால் மலை கரைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. அங்கே டன்னுக்கு ஒரு கிராம் அளவில்தான் தங்கம் இருக்கிறது. அதை எடுத்த பிறகும் ஏறக்குறைய அதே எடைத் தூள், இன்னொரு முறை ரசாயனத்தில் நனைந்து, எங்காவது போய்ச் சேர வேண்டும். எங்கே கொட்டுவது, யார் செலவில் மூடுவது, தோண்டும்போது பறக்கும் தூசியை எப்படி அடக்குவது என்பதெல்லாம் முதல் லாரி கிளம்புவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.