கட்டப் பணம் இல்லாதபோது சுயதொழில் வரியைத் தாக்கல் செய்வது எப்படி?

அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு, முதல் ஆண்டு முடிந்து வரும் ஏப்ரல் மாதத்தில்தான் ஒரு விஷயம் உறைக்கிறது. முன்பு சம்பளத்திலேயே பிடித்துக் கட்டப்பட்ட வரியை இப்போது யாரும் பிடிக்கவில்லை. வந்த பணமெல்லாம் வாடகைக்கும் பிள்ளைகளின் செலவுக்கும் போய்விட்டது. ஆண்டு வருமான வரிப் படிவமான 1040இன் 37ஆம் வரியில், கட்ட வேண்டிய தொகை ஆயிரக்கணக்கில் வந்து நிற்பதைப் பார்த்ததும், பணம் புரண்ட பிறகு தாக்கல் செய்துகொள்ளலாம் என்று கணினியை மூடிவைத்துவிடுகிறார்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். படிவத்தைத் தாக்கல் செய்வது ஒரு கடமை, பணத்தைக் கட்டுவது வேறொரு கடமை. வருமான வரித் துறையான ஐஆர்எஸ் இரண்டுக்கும் தனித்தனியே அபராதம் விதிக்கிறது; முதலாவதைத் தவறவிட்டால்தான் அடி பலமாக விழும்.

கணக்கைப் பாருங்கள். மணமாகாத, வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு 2025ஆம் ஆண்டில் செலவு போக 30,000 டாலர் நிகர லாபம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் வரி (சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்குமான வரி) என்பது லாபத்தில் 92.35 சதவீதத்தின் மீது 15.3 சதவீதம்; அதுவே 4,239 டாலர் ஆகிறது. அதன் மேல் வருமான வரி ஏறக்குறைய ஆயிரம் டாலர் சேர, மொத்தம் சுமார் 5,200. இவர் ஐந்து மாதம் தாக்கல் செய்யாமல் இருந்தால் மாதத்துக்கு 5 சதவீதம் வீதம் 25 சதவீதம், அதாவது 1,300 டாலர் அபராதம் ஏறிவிடும். உரிய நாளில் தாக்கல் செய்துவிட்டு ஒரு டாலர்கூடக் கட்டாமல் அதே ஐந்து மாதத்தைக் கழித்திருந்தால், மாதத்துக்கு 0.5 சதவீதம் வீதம் 130 டாலர்தான். வட்டி இரண்டு வழியிலும் உண்டு. காலாண்டுதோறும் மாறும் அந்த விகிதம் 2025 முழுவதும் 7 சதவீதமாக இருந்தது, நாள்தோறும் கூட்டு வட்டியாகச் சேர்ந்தது.

ஆகவே முதல் வேலை, அந்தத் தொகை சரிதானா என்று பார்ப்பது. பணம் இல்லையே என்ற பதற்றத்தில், கழித்துக்கொள்ள வேண்டிய செலவுகளைப் பலர் தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். தொழிலுக்காகச் சொந்தக் காரில் ஓடிய தூரத்துக்கு 2025இல் மைலுக்கு 70 சென்ட் கழிக்கலாம். 8,000 மைல் ஓடியிருந்தால் 5,600 டாலர் லாபத்திலிருந்து குறையும். சுயதொழில் வரியில் மட்டும் சுமார் 790 டாலர் மிச்சம். ஓடிய நாள், இடம், காரணம் ஆகியவற்றைக் குறித்த பதிவு கையில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் தொழிலுக்கென்றே ஒதுக்கிய அறை, மென்பொருள் சந்தா, தொழிலுக்குப் பயன்படும் அளவுக்குத் தொலைபேசிக் கட்டணம் ஆகியவையும் இதில் அடங்கும்.

ரசீதுகளைத் திரட்ட நேரம் போதவில்லை என்றால், ஏப்ரல் 15க்குள் படிவம் 4868ஐ அனுப்பி அக்டோபர் 15 வரை அவகாசம் பெறலாம். இந்த அவகாசம் தாக்கலுக்கு மட்டும்தான். பணத்துக்கு ஏப்ரல் 15தான் கெடு.

மென்பொருள் வழியாகத் தாக்கல் செய்யும்போது கடைசியில் பணம் செலுத்தும் பக்கம் வரும். அங்கே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால்தான் மேலே நகர முடியும் என்று நினைத்துப் பலர் நின்றுவிடுகிறார்கள். காசோலையாக அனுப்புகிறேன் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால், பணம் ஏதும் இல்லாமலே படிவம் போய்ச்சேரும். இருப்பு இல்லாத கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் திரும்பினால் அதற்கும் தனி அபராதம் உண்டு. கையில் 500 டாலர்தான் இருக்கிறது என்றால் அதை ஐஆர்எஸ் தளத்தின் டைரக்ட் பே வழியே அன்றே கட்டிவிடுங்கள். அபராதமும் வட்டியும் மீதித் தொகைக்குத்தான் ஏறும். படிவம் ஏற்கப்பட்டது என்ற செய்தி வரும்வரை காத்திருந்து, அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது தவணை. 180 நாளுக்குள் தீர்க்க முடியும் என்றால் தொடக்கக் கட்டணமே கிடையாது. அதற்கு மேல் காலம் வேண்டுமானால், மொத்தக் கடன் 50,000 டாலருக்குள் இருக்கும் தனிநபர் ஐஆர்எஸ் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். மாதத் தவணையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தால் கட்டணம் 22 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதுவும் இல்லை. நம் உதாரணத்தில் வரும் 5,200 டாலரை இரண்டு ஆண்டில் தீர்க்க மாதம் ஏறத்தாழ 240 டாலர் போதும். உரிய நேரத்தில் தாக்கல் செய்தவருக்குத் தவணை நடக்கும் காலத்தில் தாமத அபராதம் 0.5இலிருந்து 0.25 சதவீதமாகப் பாதியாகிறது. கடன் அட்டையின் வட்டியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். தாங்க முடியாத தொகையைப் பெருமைக்காக ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதமே தவறுவதைவிட, நிச்சயம் கட்ட முடிகிற தொகையைச் சொல்லி, கையில் காசு வந்த மாதம் கூடுதலாகக் கட்டுவதே நல்லது.

சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போனால் எதுவும் மிஞ்சாது என்ற நிலையில் இருப்பவர்கள், வரவு செலவைக் காட்டி, வசூலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கோரலாம். வட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் சம்பளத்திலோ வங்கிக் கணக்கிலோ கை வைக்க மாட்டார்கள். கடனில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு தீர்த்துவிடும் சமரசத் திட்டமும் இருக்கிறது. அது எளிதில் கிடைப்பதில்லை. வரிக்கடனைச் சில்லறைக் காசுக்கு முடித்துத் தருவதாக விளம்பரம் செய்து முன்பணம் கேட்கும் இடங்களை நம்பாமல், வருமானம் குறைந்தவர்களுக்கென்றே இயங்கும் எல்ஐடிசி என்னும் வரி உதவி மையங்களை முதலில் அணுகுங்கள்.

பச்சை அட்டையோடு இருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில் வரி பாக்கி உண்டா, எந்த ஆண்டாவது தாக்கல் செய்யாமல் விட்டீர்களா என்ற கேள்விகள் வருகின்றன. தவணை ஒப்பந்தமும் கட்டிவரும் ரசீதுகளும் இருந்தால் பாக்கிக்கு விளக்கம் சொல்ல முடியும். தாக்கலே செய்யாத ஆண்டுக்கு என்ன விளக்கம் சொல்வது? சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு, உழைத்து ஈட்டிய வருமானத்தைக் கொண்டு சேரும் 40 புள்ளிகள் வேண்டும். சுயதொழில் வருமானத்தைச் சுமார் மூன்றே கால் ஆண்டுக்குள் தெரிவிக்காவிட்டால், அது பொதுவாக அந்தக் கணக்கில் ஏறாது. நாற்பது வயதுக்கு மேல் இங்கு வந்து சேர்ந்தவர்களுக்கு இந்த இழப்பு சிறியதன்று.

மாநில வரி உள்ள இடங்களில் அந்தத் துறையிடமும் தனியாகத் தாக்கல் செய்து, தனியாகத் தவணை கேட்க வேண்டும்.

தவணை நிலைக்க வேண்டுமானால் நடப்பு ஆண்டின் வரி மறுபடி பாக்கி விழக்கூடாது. புதிய பாக்கி வந்தால் ஒப்பந்தம் முறியலாம். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி ஆகிய மாதங்களின் 15ஆம் தேதிக்குள் முன்கூட்டிய வரியைக் கட்ட வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்த அன்றே நான்கில் ஒரு பங்கை அதில் மாற்றிவிடுங்கள். ஜூன் 15க்கான தொகையை அங்கிருந்து எடுத்துக் கட்டலாம்.