ஷ்டுட்கார்ட் டிவி கோபுரத்தை அடியிலிருந்து பாருங்கள்

ஊரிலிருந்து யார் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போகும் இடம் தெகர்லோக் பகுதியில் காட்டோரம் நிற்கும் டிவி கோபுரம்தான். வந்தவர்கள் எல்லோரும் நேரே லிஃப்டுக்குப் போகப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட் என்றே வேலை பார்த்துப் பழகியவன் நான். மேலே ஏறியவருக்கு ஊர் தெரியும், கோபுரம் தெரியாது. அதனால் அடி, தண்டு, தலை, கடைசியில் காட்சி என்ற வரிசையில் பாருங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். சின்ன எஃப்.எம். ரேடியோ ஒன்று கையில் இருக்கட்டும்.

முதல் வேலையை ரயில் நிலையத்துப் பக்கமே தொடங்குங்கள். ஷ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர். சுற்றிலும் மேடு, நடுவில் நகரம். ரேடியோவை 94.7-இல் வைத்துக்கொண்டு சரிவை ஒட்டிய சந்துகளில் நடந்து பாருங்கள். அந்த நிலையம் இந்தக் கோபுரத்திலிருந்துதான் வருகிறது. எஃப்.எம்., டிவி அலைகள் வெளிச்சம் மாதிரி, பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். மேடு குறுக்கே வந்தால் வலு குறையும். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்தால் கரகரக்கும். அப்படிக் கரகரக்கும் இடம் ஒன்று கிடைத்தால் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்புறம் யூ7 டிராம் பிடித்து ரூபாங்க் நிறுத்தத்தில் இறங்குங்கள். வண்டி மேடேறுவது உங்களுக்கே தெரியும். கோபுரம் நிற்கும் ஹோஹர் போப்சர் மேடு கடல் மட்டத்திலிருந்து 483 மீட்டர். 1950-களில் டிவி வந்தபோது இங்கே கம்பி வடங்களால் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பம் ஒன்றை நிறுத்துவதாகத்தான் வானொலி நிறுவனத்தின் திட்டம். பாலம் கட்டும் பொறியாளர் ஃப்ரிட்ஸ் லியோன்ஹார்ட் அதை ஏற்கவில்லை. கான்கிரீட்டிலேயே கட்டுவோம், மேலே மக்கள் ஏறிப் பார்க்க மேடையும் உணவகமும் வைப்போம் என்றார். 1954 ஜூனில் வேலை தொடங்கி, 1956 பிப்ரவரி 5 அன்று திறந்தார்கள். உலகில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் டிவி கோபுரம் இது. செலவு அன்றைய ஜெர்மன் பணத்தில் சுமார் 42 லட்சம் மார்க். ஏறிப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த காசிலேயே ஐந்து வருடத்தில் அந்தப் பணம் திரும்பிவிட்டது.

சரி, இப்போது அடி. பக்கத்தில் போய் நின்று உங்கள் காலடித் தரையைப் பாருங்கள். அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் நிற்பது அநேகமாக அதன் மேல்தான். 27 மீட்டர் விட்டமுள்ள வட்டம், 8 மீட்டர் ஆழம், எடை 1,500 டன். வீட்டுக் குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான அடி, ஒல்லித் தண்டு, மேலே அகல், உச்சியில் கூர். இதுவும் அதே அமைப்புதான், அடி மட்டும் மண்ணுக்குள் இருக்கிறது. காற்று தலையைத் தள்ளும்போது ஒரு பக்க விளிம்பு மண்ணை அழுத்தும், மறுபக்க விளிம்பு தூக்கப் பார்க்கும். தூக்கவிடாமல் பிடிப்பது அந்த அகலமும், கனமும், மேலே நிரப்பிய மண்ணும். மேகம் ஓடும் நாளில் அண்ணாந்து பார்த்தால் கோபுரம் உங்கள் மேல் சாய்வது போல இருக்கும். பயப்பட வேண்டாம், நகர்வது மேகம்.

தண்டைப் பார்க்கப் பத்து நிமிட நடைத் தூரமாவது தள்ளி நில்லுங்கள். தரையில் 10.8 மீட்டர் விட்டம், மேலே போகப் போகச் சுருங்கித் தலைக்குக் கீழே 5 மீட்டர் அளவுக்கு வருகிறது. அழகுக்காகச் செய்த சுருக்கம் இல்லை. காற்று வளைக்கும் விசை உச்சியில் மிகக் குறைவு, அடியில் மிக அதிகம். அந்தக் கணக்கைத்தான் வளைகோடாகப் பார்க்கிறீர்கள்.

இந்தச் சுருக்கம் வேலை செய்பவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் ஓர் அனல் மின் நிலையப் புகைபோக்கியில்தான் வேலை கற்றேன். ஒவ்வொரு அடுக்குக்கும் ஷட்டரிங், அதாவது கான்கிரீட் ஊற்றும் தட்டு அச்சின் வட்டம் கொஞ்சம் சின்னதாக வேண்டும், மையம் மட்டும் நகரவே கூடாது. ஒருநாள் காலை பத்து மணிக்கு மையம் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு விலகியிருந்தது. தட்டை நகர்த்தச் சொல்லப் போனேன். வயதான மேஸ்திரி கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, வெயில் ஏறிடுச்சு. விடியும் முன்னாடி வந்து பாருங்க" என்றார். மறுநாள் ஐந்து மணிக்குப் பார்த்தேன், மையம் அதன் இடத்தில் இருந்தது. கிழக்குப் பக்கக் கான்கிரீட் சூட்டில் விரிந்து, முழுத் தண்டையும் மேற்கே சாய்த்திருந்தது. முந்தின நாள் நான் திருத்தியிருந்தால் நேரான தூணைக் கோணலாக்கியிருப்பேன். ஷ்டுட்கார்ட் தண்டின் விளிம்பைக் கீழிருந்து மேல்வரை கண்ணால் ஓட்டும்போதெல்லாம் அந்த மேஸ்திரியை நினைத்துக்கொள்கிறேன்.

இனி லிஃப்டில் ஏறலாம். நீங்கள் போகும் அந்த ஒரே குழாய்க்குள்தான் படிக்கட்டும் கேபிள்களும் போகின்றன. தீப்பிடித்தால் ஆட்கள் தப்பிக்க வேறு வழி கிடையாது என்பதால் 2013-இல் கோபுரத்தைப் பார்வையாளர்களுக்கு மூடினார்கள். தீத்தடுப்பு வேலைகளை முடித்து 2016 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். பலர் அப்போது கோபப்பட்டார்கள். என் கணக்கில் மூடியதுதான் சரி.

தலையில் 15 மீட்டர் விட்டத்தில் நான்கு தளங்கள், அவற்றுக்கு மேலே சுமார் 150 மீட்டர் உயரத்தில் பார்வை மேடை. வந்தவுடன் ஊரைப் பார்க்காமல் அண்ணாந்து பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமான இரும்புக் கம்பம்தான் கோபுரத்தின் உண்மையான வேலைக்காரன். ஸ்டுடியோவிலிருந்து வரும் ஒலியை டிரான்ஸ்மிட்டர் வலுவான மின் அலையாக்கும், தடித்த கேபிள் அதை மேலே கொண்டுபோகும், ஆன்டெனா நாலு பக்கமும் பரப்பும். கம்பத்தோடு மொத்த உயரம் 216 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நம் ராமேஸ்வரத்துத் தூர்தர்ஷன் கோபுரம் 323 மீட்டர், ஆனால் கான்கிரீட் டிவி கோபுரங்களில் மூத்தது இதுதான். இன்று இங்கிருந்து டிவி போவதில்லை. 2006-இல் அது பக்கத்துக் கோபுரத்துக்கு மாறிவிட்டது, வானொலி மட்டும் தொடர்கிறது.

கடைசியில் காட்சி. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே ஸ்வேபியன் ஆல்ப் மேட்டு நிலம் நீளமாகத் தெரியும், மேற்கே பிளாக் ஃபாரஸ்ட். காற்று பலமான நாளில் மேடை லேசாக ஆடுவதை உணரலாம். ஆடத்தான் வேண்டும், அதையும் கணக்கில் வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

பிறகு வடக்குப் பக்கம் வந்து, காலையில் ரேடியோ கரகரத்த சந்து எங்கே என்று தேடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து தெருத்தெருவாகக் கண்ணை ஓட்டினால் பிடித்துவிடலாம். சந்து தெரியாமல் குறுக்கே ஒரு சரிவோ கட்டடமோ நின்றால், காலையில் ரேடியோவை மறித்தது அதுதான்.