மருந்து அடிக்கும் பம்புக்கு கரண்ட் மோட்டார் பொருத்துவது எப்படி?

எச்.டி.பி. பம்பில் (மருந்தை அதிக அழுத்தத்தில் அடிக்கும் பிஸ்டன் பம்பு) இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் போடுவதென்றால் முதலில் எச்.பி. கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை பார் அழுத்தம் என்று பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 22 லிட்டர், 30 பார் என்றால் 1.1 கிலோவாட், அதாவது சுமார் 1.5 எச்.பி.; பெல்ட்டிலும் பம்பிலும் ஆகும் இழப்பையும் சேர்த்தால் 2 எச்.பி. வேண்டும்.

அப்புறம் வேகம். நான்கு போல் மோட்டார் சுமார் 1440 ஆர்.பி.எம். சுற்றும். பம்புத் தகட்டில் 800 முதல் 900 என்று இருந்தால் மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, பம்பில் 5 அங்குலம் போடுங்கள், சரியாக இருக்கும்.

ஓவர்லோடு ரிலேயை (சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கே வையுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று கூட்டி வைத்தால் காயில் கருகிவிடும். ஸ்டார்ட் செய்யும்போது அழுத்த லீவரைத் தளர்த்தி, தண்ணீரை ரிட்டர்ன் குழாயில் ஓடவிட்டு, மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகுதான் அழுத்தம் ஏற்ற வேண்டும், சிங்கிள் ஃபேஸுக்கு இது ரொம்ப முக்கியம். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைக்க ஆசையிருந்தால் த்ரீ ஃபேஸ் மோட்டாராக வாங்குங்கள், கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் அதை மாட்டக் கூடாது. ஈரத்தில் நின்று செய்யும் வேலை இது, எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் சுவிட்சைப் போடவே போடாதீர்கள்.