சேகரத்தில் ஐயருக்குள்ள அதிகாரம்: எதற்கு, எப்படி

மாற்றலாகிப் புதுச் சேகரத்துக்கு (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளுக்கு) வரும் ஐயர், அதாவது சபைப் போதகர், அவர் குடியிருக்கும் குருமனைச் சாவியை வாங்குமுன் 2 கொரிந்தியர் 13:10ஐ ஒருமுறை வாசித்துக்கொள்வது நல்லது. "இடித்துப்போட அல்ல, ஊன்றக்கட்டவே" கர்த்தர் அதிகாரம் கொடுத்தார் என்கிறார் பவுல். இந்த அதிகாரம் சொந்தச் சம்பாத்தியமும் அல்ல, ஒருவர் கொடுத்து வருவது. குருப்பட்டம் பெறாத சபை ஊழியரான உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்குதான் 1835இல் திருநெல்வேலி மிஷனெரி ரேனியஸ் ஐயரும் அவருடைய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) சங்கமும் பிரிய ஒரு பெரிய காரணம். திருநெல்வேலிச் சபைகளும் அப்போது இரண்டுபட்டன.

அதிகாரம் உரசிப் பார்க்கப்படும் இடம் திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை. ஒருவரைப் பந்திக்கு வராமல் நிறுத்த நேர்ந்தால் மத்தேயு 18:15-17 சொல்லும் வரிசையை மாற்றக்கூடாது. முதலில் ஐயர் தனியாக அவர் வீட்டுக்குப் போகவேண்டும். ஆள் விட்டுக் குருமனைக்குக் கூப்பிட்டால் பேச்சு விசாரணையாகிவிடும். கேட்கவில்லையென்றால் இருதரப்புக்கும் உறவில்லாத ஒருவரையோ இருவரையோ கூட்டிப் போகவேண்டும். ஊரில் பாதிப்பேர் மாமன் மச்சானாக இருக்கும் இடத்தில் அப்படிப்பட்டவரைத் தேடுவதே பாதி வேலை. சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகுதான்.

இங்கிலாந்து சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபபுத்தகத்தில் இதற்கு இரண்டு பழைய விதிகள் உண்டு. இரண்டும் இன்றும் கைகொடுக்கும். ஒருவரை நிறுத்தினால் 14 நாளுக்குள் பேராயருக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்பது ஒன்று. பேராயரின் ஆளுகைக்குட்பட்ட திருமண்டலத்தின் இப்போதைய விதி எப்படியிருந்தாலும், தேதியும் காரணமும் போட்டு உடனே எழுதி அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து எழுதும் கடிதத்தில் காரணம் வளர்ந்திருக்கும். மற்றது பகைகொண்ட இருவரைப் பற்றியது. ஒருவர் மனதார மன்னித்து, மற்றவர் பிடிவாதமாக நின்றால், மன்னித்தவரைச் சேர்த்துக்கொண்டு பிடிவாதக்காரரை நிறுத்தவேண்டும். வம்பு வேண்டாமென்று இருவரையும் நிறுத்துவது நியாயமல்ல.

அடிக்கடி நடக்கும் தவறு, பெயர் சொல்லாமல் பிரசங்கபீடத்திலிருந்து குத்துவது. யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். பதில் சொல்லக் குத்துப்பட்டவருக்கு மட்டும் இடமில்லை. அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் ரோட்டோர ஜெபக்கூடத்தில் இருக்கும். சபைச் சந்தா பாக்கிக்காகத் திருவிருந்தையோ கல்லறை இடத்தையோ மறுப்பதும் இதே இனம்தான். பாக்கி கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும். பிணத்தை வைத்து வசூலிக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் என்று தெரிந்தால் மத்தேயு 18 வரிசைக்கு இடமே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாகவேண்டும். குருமனைத் திண்ணையில் சமரசம் பேசினால் அது குற்றத்தை மறைப்பதாகும்.

பண விஷயத்தில் ஐயரின் அதிகாரம் கையை விலக்கி வைப்பதில் இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் காணிக்கையைக் கோயிலிலேயே, ஒரே வீட்டைச் சேராத இருவர் எண்ணி, நோட்டு வாரியாக எழுதிக் கையெழுத்திடட்டும். ஐயர் தொகையைச் சரிபார்த்தால் போதும். "நாளை எண்ணலாம்" என்று பையைக் குருமனைக்குக் கொண்டுபோவதிலிருந்துதான் சந்தேகம் கிளம்புகிறது. அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்துண்ணும் விழா) ஏலத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாழைத்தாரை உற்சாகத்தில் பெரிய தொகைக்குக் கேட்டவர் கடன் சொல்லிப் போவார். பெயரும் தொகையும் அங்கேயே எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிவிடவேண்டும்.

யார்மீதாவது வேறு குற்றச்சாட்டு வந்தால், மூப்பர் (சபைப் பெரியவர்) விஷயத்தில் 1 தீமோத்தேயு 5:19 கேட்கிறபடி இரண்டு மூன்று சாட்சி கேளுங்கள். கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதத்தைக் கமிட்டியில் வாசிக்கவேண்டாம். விசாரணை முடியும்வரை எந்தத் தரப்பு வீட்டுச் சாப்பாடும் வேண்டாம். தேவைப்பட்டால் காப்பிகூட வேண்டாம்.