கடல் பந்தயத்துக்குப் போனால் காட்டனை மதுரையிலேயே விட்டுவிடுங்கள்

கிளிப்பர் உலகச் சுற்றுப் பாய்மரப் பந்தயத்தில், படகே ஏறாதவர்களையும் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். மொத்தம் சுமார் 40,000 கடல் மைல். நம்ம ஊரிலிருந்து யாராவது கிளம்பினால், நான் முதலில் பார்ப்பது அவர்கள் பெட்டியில் இருக்கும் துணியைத்தான்.

சித்திரை வெயிலுக்குச் சுங்குடியும் காட்டன் பனியனும்தான் சுகம். ஆனால் தென்பெருங்கடல் குளிரில் காட்டன் ஆபத்து. நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், மேலே ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைத் துணி, அதற்கும் மேல் தண்ணீர் புகாத கோட்டு. உள்ளாடையும் சாக்ஸும்கூடக் காட்டன் வேண்டாம். ஒரு செட் துணியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, தூங்குவதற்கென்றே வையுங்கள். இரவில் பெரும்பாலும் 4 மணி நேரம் வேலை, 4 மணி நேரம் ஓய்வு. ஈரத்தோடு படுத்தால் அந்தத் தூக்கமும் போச்சு.

கயிற்றில் இறுகிப்போகாத வளையம் போடும் போலைன் முடிச்சை மொட்டை மாடி இருட்டில் கண்ணை மூடிப் போட்டுப் பழகுங்கள். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கிளம்பும் முன்பே போடுங்கள், வாந்தி தொடங்கிவிட்டால் வயிற்றில் தங்காது. மேல்தளத்துக்கு ஏறும் முன், படியில் நிற்கும்போதே பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டிவிடுங்கள்.